பெயரை மறைத்துப் படித்தவர்

மந்தைவெளிக்காரர்கள் ஊர் விஷயம் பேச இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தோம். அதை நடத்தியவரை ஒரே முறைதான் நேரில் பார்த்தேன். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. யார் பதிவைப் படித்தாலும் எழுதியவர் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வாராம். ஆள் பார்த்து முடிவு செய்யக் கூடாதாம்.

ஆற்றோரக் குடிசைகளை எடுத்தால் ஊர் சுத்தமாகும் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அங்கிருந்துதான் நான் கல்லூரிக்குப் போனேன், எங்கள் வீட்டில் முதல் ஆளாக. சூடாகப் பதில் எழுதினேன். குழுவை நடத்தியவர் அதை நீக்கிவிட்டார்.

குழுவினர் டீக்கடையில் கூடிய அன்று அவரிடமே கேட்டேன். "என்னுத மட்டும் ஏன் சார் தூக்கினீங்க?"

"அவர் மரியாதையா எழுதியிருந்தார். நீ திட்டியிருந்தியேம்மா."

"மரியாதையா எழுதினா எங்கள அழுக்குன்னு சொல்லலாமா சார்?"

போனை எடுத்து இரண்டையும் மறுபடி படித்தார். டீ ஆறிப்போனது.

"அவர் எழுதினது எங்காத்துல பேசற மாதிரியே இருந்தது. அதான் எனக்குத் தப்பாவே படலை" என்றார். என் பதிலை அங்கேயே திரும்பப் போட்டார்.

அந்தக் குழு இப்போது இல்லை. தன் தப்பை அவ்வளவு நேராகச் சொன்னவரை அதன் பிறகு எந்தக் குழுவிலும் நான் பார்க்கவில்லை. ஆனால் நான் எழுதியதற்காகத் திரும்பப் போட்டாரா, எதிரே உட்கார்ந்திருந்த என் முகத்துக்காகவா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.