சகாயம் அக்காவுக்குப் பிடிக்காத சொல்

சகாயம் அக்கா போய்விட்டார். இன்று காலை.

மூன்று நாள் காய்ச்சல் என்கிறார்கள். வெறும் காய்ச்சலாம்... எனக்கு நம்பிக்கை இல்லை.

தொண்டியில் ஒரு சின்ன லேபில் அக்காதான் சீனியர் டெக்னீஷியன். அவரிடம் ஆறு வருடம் வேலை பார்த்தேன். எதையும் சந்தேகப்படும் இந்தப் புத்தி அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

யூரின் டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஆளையும் ஒரு பார்வை பார்ப்பார். ஒருமுறை, நண்டு உடைக்கும் ஷெட்டில் வேலை செய்யும் ஒரு பெண் கொடுத்த டப்பாவில் நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் போல இருந்தது.

"இது முழுக்க ஒன்னோடதுதானா?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். "கொஞ்சந்தான் வந்துச்சு சிஸ்டர். டப்பா நிறையணுமேன்னு கொழாத் தண்ணிய ஊத்திட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "ஏன் கொஞ்சமா வருது? தண்ணி குடிக்கிறியா இல்லியா?"

"குடிச்சா ஒதுங்க எடம் வேணும்ல. அங்கன கக்கூசு ஏது? இது வெறும் சூடு சிஸ்டர்... எளநி குடிச்சாச் சரியாப் போயிரும்."

சூடு! அந்தச் சொல்லைக் கேட்டாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். நீர்க்கடுப்போடு வரும் பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள். "சூடும் இல்ல குளிரும் இல்ல, கிருமி அது" என்று கத்துவார்.

அன்று டீ குடிக்கும்போது எனக்கும் பாடம் நடந்தது.

"கிட்னிய வெறும் சல்லடைன்னு நெனைக்காத. கிருமியக் கொல்ல அதுவே குட்டிக் குட்டிப் புரோட்டீன் சுரக்குது. பெப்டைடுன்னு பேரு. கிருமியோட தோல்லயே ஓட்டை போட்டுரும்."

"அப்புறம் எப்படிக்கா இன்ஃபெக்‌ஷன் வருது?"

"வாச்மேன் இருக்கான்னு கதவத் தொறந்து போட்டுத் தூங்குவியா? யூரின அடக்கி வச்சா கிருமி உள்ளயே குடியேறிரும். சுகர் வேற இருந்தா வாச்மேனும் அசந்துருவான்."

அக்காவுக்குப் பத்து வருடமாகச் சுகர்.

அதனால்தான் கேட்டுவிட்டேன்... அழுதுகொண்டிருந்த அவர் மகளிடம், போனில். கேட்டிருக்கக் கூடாதுதான். கிருமி கிட்னிக்கு ஏறினால் வருமே, அந்தக் குளிர் நடுக்கம் இருந்ததா, யூரின் டெஸ்ட் எடுத்தீர்களா என்று.

"நடுக்கம் இருந்துச்சு சித்தி. ஒரு வாரமா நீர்க்கடுப்பு வேற. டெஸ்ட் எடுப்போம்னேன்... கேக்கல."

"என்ன சொன்னாங்க?"

"வெறும் சூடுதான்டி, எளநி வாங்கிட்டு வான்னாக."

போனை வைத்துவிட்டேன். அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது. சந்தேகமெல்லாம் அடுத்தவர் டப்பாவுக்கு மட்டும்தானா அக்கா?

நாலு மணிக்கு அடக்கம். வருகிறேன்.