காதுகுத்துக் கேசட்

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் அருள்பாண்டி எலக்ட்ரானிக்ஸ் லேப் உதவியாளர். கரண்ட்டை வைத்துப் பிழைக்கிற மனிதருக்குக் கரண்ட் என்றால் பயம். இரண்டடி தள்ளி நின்று, கையை மட்டும் நீட்டித்தான் சுவிட்சைப் போடுவார். பையன்கள் முதுகுக்குப் பின்னால் அதை அப்படியே நடித்துக் காட்டுவார்கள். கரண்ட் மட்டுமா, நாய்க்குப் பயம், மேலூர் ரோட்டைக் கடக்கப் பயம், வீட்டுக்காரர் பைக் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வார். ராகு காலத்தில் எதையும் தொட மாட்டார்.

இப்படிப்பட்டவர் எப்படிக் குடும்பம் நடத்தினார் என்றால், அவர் எங்கே நடத்தினார்? நடத்தியது மனைவி தமிழ்வாணி. வாசலில் நின்று அவள் ஓர் அதட்டுப் போட்டால் நாயும் ஓடும், வம்புக்கு வந்த வீட்டுக்காரரும் போய்விடுவார். அந்தக் குரலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் அருள்பாண்டி பாதி ஆயுளை ஓட்டினார்.

பிறகு அவள் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அன்றைக்கு வீட்டில் இருந்தது பட்டன் போன். அவள் பேசிய ஒரு வார்த்தையைக்கூட யாரும் பதிவு செய்து வைக்கவில்லை.

மிச்சமிருந்தது ஒரே ஒரு கேசட். மகள் சத்யப்ரியாவுக்குச் சோழவந்தான் பக்கம் குலதெய்வக் கோயிலில் காது குத்தியபோது, மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேமராவில் அருள்பாண்டியே எடுத்தது. சத்யா இப்போது கோயம்புத்தூரில் மாசமாக இருக்கிறாள். போன வாரம் போனில் கேட்டாள்.

"அப்பா, அம்மா குரல் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சுப்பா. பிள்ள பிறக்குறதுக்குள்ள ஒரு தடவ கேக்கணும்."

அருள்பாண்டி பரணிலிருந்து கேமராவை இறக்கினார். அதற்கு உயிர் இருந்தது. ஆனால் பிளே, ரிவைண்ட் பட்டன்கள் எதை அழுத்தினாலும் அசையவில்லை. டவுனில் வீடியோக் கடைக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணே, இதுக்குப் பார்ட்ஸ் எங்கயும் கிடைக்காது. கேசட்ட வச்சுட்டுப் போங்க, வேற கேமரா சிக்குனா பாப்போம்."

அந்தக் கேசட்டை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு இவர் எப்படித் தூங்குவார்? திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

கேமராவின் பக்கவாட்டில் ரிமோட் வயர் செருகுவதற்கு ஒரு குட்டி ஓட்டை இருந்தது. அதன் வழியாகக் கம்ப்யூட்டரிலிருந்தே கேமராவுக்குக் கட்டளை அனுப்பலாம் என்று இன்டர்நெட்டில் யாரோ படம் போட்டிருந்தார்கள். ஒரு சின்ன போர்டு, இரண்டு ரெசிஸ்டர், ஒரு டயோடு, மூன்று வயர். எல்லாவற்றையும் சோப்பு டப்பாவுக்குள் வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். ஒரு வயர் மாறினால் கேமரா புகைந்துவிடும். மீட்டரை வைத்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார், சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு தரம் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டார். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தொடங்கிவிட வேண்டும். முதலில் ஒரு வெற்றுக் கேசட்டைப் போட்டு, அதில் போட்டுப் பார்க்க எதுவும் இல்லாததால் குமிழைப் பதிவு செய்யும் 'கேமரா' பக்கம் திருப்பி, ரெக்கார்ட் கட்டளையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, என்டரைத் தட்டினார். கேமராவின் மூக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு தட்டு, அணைந்தது. தான் செய்த சாமான் வேலை செய்கிறது என்பதை அவரால் நம்பவே முடியவில்லை.

நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரையாகப் போகிறது. அவ்வளவுதான், பதறிவிட்டார். வெற்றுக் கேசட்டை உருவினார், காதுகுத்துக் கேசட்டைச் செருகினார், சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என்டரைத் தட்டினார். குமிழைத் திருப்பவும் இல்லை, கட்டளையை மாற்றவும் இல்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் குரல் இருந்த நாடாவில், அதன் மேலேயே, கேமரா புதிதாகப் பதிவு செய்துகொண்டிருந்தது. இன்னொரு தட்டுத் தட்டினால் நின்றுவிடும் என்று அருள்பாண்டிக்குத் தெரியும். கை வரவில்லை. கடைசியில் கத்தத்தான் முடிந்தது.

"வாணி! ஏ வாணி! அழியுது வாணி, எல்லாம் போச்சு!"

அடுப்படியிலிருந்து ஓடிவந்த தமிழ்வாணி அவர் முகத்தைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், கரண்ட் வயரைப் பிடுங்கி எறிந்தாள். கேமரா அணைந்தது.

அருள்பாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டார். எம்புட்டு அழிந்ததோ தெரியாது. கேசட் எந்த இடத்தில் நின்றிருந்ததோ, அதுவும் தெரியாது. கோயிலில் அவள் பேசியதே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தின் மேல்தான் இது ஓடியிருந்தால் மகளுக்கு என்ன பதில் சொல்வது?

போட்டுப் பார் என்று அவள் கையைக் காட்டினாள்.

"இப்ப வேணாம் வாணி. ராகு காலம். பன்னெண்டு ஆகட்டும்."

அவள் முறைத்தாள். வயரைத் தானே மாட்டிக் குமிழைத் திருப்பி வைத்தாள். கீபோர்டைத் தூக்கி அவர் மடியில் போட்டாள். அவர் ரிவைண்ட் கட்டளையை அடித்தார். நாடா சுற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு பிளே.

கேமராவின் குட்டித் திரையில் கோயில் வாசல். மடியில் சத்யா வீறிட்டு அழுகிறாள். தமிழ்வாணி கேமராவைப் பார்த்து வாயைத் திறக்கிறாள். அங்கேயே படம் துண்டித்தது. திரையில் இன்றைய அருள்பாண்டி, வெளிறிய முகத்தோடு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவருடைய அலறல்: "வாணி! ஏ வாணி! அழியுது வாணி, எல்லாம் போச்சு!"

படம் குலுங்கியது. மறுபடி கோயில்.

"...ஒண்ணும் ஆகாதுங்க. காதுதான குத்துறாங்க, அதுக்கு ஏன் உங்களுக்கு இம்புட்டு நடுக்கம்? கேமராவ ஆட்டாமப் பிடிங்க, நான் இருக்கேன்ல."

அருள்பாண்டி வாய்விட்டு அழுதார். அழிந்த இடத்தில் அவள் என்ன சொன்னாளோ, அது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. தமிழ்வாணி தொண்டையில் சுற்றியிருந்த துணியைப் பிடித்தபடி, சொந்தக் குரலை அந்நியர் குரலைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது.

"சத்யாவுக்கு அனுப்புறப்ப, நான் கத்துன இடத்த வெட்டிரவா?"

அவள் போனை எடுத்து எழுதிக் காட்டினாள்.

'வேண்டாம். நீங்க கூப்பிட்டதுக்கு நான் பதில் சொல்லியிருக்கேன்.'