எட்டு மணி ஜெபமும் ஜொகூர் பாலமும்

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் இரவு எட்டு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால். இந்தச் சட்டத்தைப் போட்டவள் என் மனைவி. சாப்பிட்ட பிறகு வைத்தால், நான் கண்ணை மூடுவது ஜெபிக்கவா தூங்கவா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிடுமாம். வீண் சந்தேகம் என்று சொல்லமாட்டேன். ஒருமுறை ஆமென் வரவேண்டிய இடத்தில் என்னிடமிருந்து குறட்டை வந்திருக்கிறது.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், ஸ்கூடாயில் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் பாய் விரித்து மூவரும் உட்காருவோம். மனைவி ஒரு பாட்டு எடுப்பாள். ஒன்றாம் வகுப்புக்குப் போகும் மகள் எழுத்துக்கூட்டி வேதம் வாசிப்பாள். கடைசியில் நான் ஜெபிப்பேன். உலக நாடுகள், ஆளும் தலைவர்கள், சபை மக்கள் என்று நான் ஒரு சுற்றுப் போய் வருவதற்குள் குழம்பு ஆறிவிடும். மகள் என் முழங்காலைத் தட்டுவாள்.

“அப்பா, போதும் லா. ஆண்டவருக்கும் பசிக்கும்.”

சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் பாயில் என் இடம் காலியானது. விடியுமுன் கிளம்புகிறவன், இரவு எட்டு மணிக்கு, வீடு திரும்பும் வழியில், சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் பாலத்தின் நடுவே, நகராத பஸ்ஸுக்குள் இருப்பேன். மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். என் இடத்தில் போனை வைத்து, நான் பஸ்ஸிலிருந்தே ஜெபிக்கவேண்டும் என்றாள். முதல் நாளே இயர்போனைச் சரியாகக் குத்தாமல், அவள் எடுத்த பாட்டை பஸ் முழுவதற்கும் கேட்கவைத்தேன். அது தெரியாமல் நானும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்து பாடினேன். என் குரலைப் பற்றிச் சபையில் யாரும் நல்லபடியாகச் சொன்னதில்லை. பக்கத்து சீட்டில் நெற்றி நிறைய விபூதியோடு, கோத்தா திங்கி ஊர்க்கார அண்ணன் ஒருவர். பாட்டு முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்.

“தம்பி, அப்படியே இந்த டிராஃபிக் ஜாமப் பத்தியும் ஒங்க ஆண்டவர்கிட்ட ஒரு வார்த்த போட்டு வைங்க. எங்க முருகன்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கே வெக்கமா போச்சு.”

சிரித்தேன். ஆனால் பஸ்ஸில் செய்த ஜெபம் எனக்கு ஜெபமாகவே படவில்லை. மகள் மனப்பாட ஜெபத்தை மட்டும் ஒப்பிப்பாள். சொந்த வார்த்தையில் ஒருநாளும் ஜெபித்ததில்லை. “அவசரப்படுத்தாதீங்க, தானா வரும்” என்பாள் மனைவி. அது வரும்போது நான் அந்தப் பாயில் இருக்கவேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

ஒருநாள் மதியம் மனைவி போன் செய்தாள்.

“ஏங்க, இன்னைக்குப் பாப்பா தானே ஜெபம் பண்ணப் போறாளாம். ஆனா நீங்க வீட்டுல இருந்தாதானாம்.”

“போன்ல கேட்டுக்கிறேனே?”

மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். “போன்லன்னா அது உங்ககிட்ட பேசுறதுப்பா. இயேசப்பாகிட்ட பேசுறது இல்ல.”

வேதசாத்திரம் அவள் பக்கம்தான் இருந்தது. வந்துவிடுகிறேன் என்றேன்.

அன்று மாலை பஸ் வழக்கம்போல் பாலத்தில் நின்றது. நான் எழுந்தேன். “எறங்கி நடங்க தம்பி, இந்தப் பக்கம் நான் வேண்டிக்கிறேன்” என்றார் கோத்தா திங்கி அண்ணன். எனக்கு முன்னால் என் தொப்பையும், அதற்குப் பின்னால் நானுமாகப் பாலத்தைக் கடந்தோம். பாஸ்போர்ட் காட்டும் குடிநுழைவு வரிசையில் நின்று, ஜொகூர் பாருவில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை எடுத்து வீடு சேர்ந்தபோது எட்டு மணி எப்போதோ போயிருந்தது. இருவரும் சாப்பிடாமல் பாயில் காத்திருந்தார்கள். சட்டை முதுகில் ஒட்ட, மூச்சு வாங்க உட்கார்ந்தேன்.

மகள் கண்ணை இறுக மூடினாள்.

“இயேசப்பா, சாப்ட்டீங்களா? எங்கப்பா வேர்த்துப்போயி வந்திருக்காரு. அவரோட சிங்கப்பூர் கம்பெனிய மூடிருங்க. மத்த ஆளுங்களுக்கு வேற வேல குடுத்துருங்க. எங்கப்பாவ மட்டும் வீட்டுக்கு அனுப்பிருங்க. ஆமென்.”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன், இல்லை.

“அப்பா, ஆமென் சொல்லுங்க. எல்லாரும் சொன்னாதான் மேல போகும்.”

உலக சமாதானத்தையே சளைக்காமல் கேட்டு வாங்கப் பார்க்கிறவன் நான். இந்தச் சின்ன விண்ணப்பத்துக்கு என் நாக்கு எழவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் மூவரும் சாப்பிடுகிறோம். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமென்” என்றேன். சத்தமாகவே சொன்னேன். அதில் விசுவாசம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்பது மேலே இருந்து கேட்டவருக்குத்தான் தெரியும்.

கம்பெனி இன்னும் நன்றாக ஓடுகிறது. மகளும் விடுவதாயில்லை, இப்போது நான் வீட்டில் இல்லாவிட்டாலும் தினமும் அதையே கேட்கிறாளாம். அந்த நேரத்தில் நான் பஸ் ஜன்னலோரம், அவள் கட்சியில் சேர்வதா சம்பளத்தின் கட்சியில் சேர்வதா என்று முடிவெடுக்கத் தெரியாமல், கைக்கெட்டும் தூரத்தில் எரியும் ஜொகூர்க் கரை விளக்குகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.