காந்தலூரில் தூங்கியவன்

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகையில் மற்றவர்கள் எழுதிய பக்கங்களைப் பார்த்தேன். வரிகள் நூல் பிடித்தாற்போல நேராக இருக்கின்றன. என் வரி மேலே தொடங்கி, தாளின் மறு ஓரத்துக்குப் போவதற்குள் சரிந்து இறங்கிவிடுகிறது. எழுத்துக்களும் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கின்றன. பஞ்சாயத்து வகுப்பில் சேர்ந்து எழுதப் படித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. "நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்று செயலாளர் தம்பி சொன்னார். வேண்டாம் என்றேன். எழுதுவது எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. ஒரு 'ழ' ஒழுங்காக வந்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் மனசு நிறைந்திருக்கிறது. சிவராசுவைப் பற்றி எழுதும்போதும் அந்தச் சந்தோஷம் வருவது சரியா என்று தெரியவில்லை. ஆனாலும் வருகிறது.

அன்று காலையில் வாசலில் உட்கார்ந்து எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். மண்பாதையில் அப்பாஸ் வந்தான். சிவராசுவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடிவாரத்தில் ஓடுகிறவர்களில் அவன் ஒருவன். அந்தப் பாதையில் அவன் ஓடித்தான் நான் பார்த்திருக்கிறேன். அன்று செருப்புப் போட்டு நடந்து வந்தான்.

"பெரீப்பா, சிவராசு நம்மளை விட்டுட்டுப் போயிட்டான். காய்ச்சலுன்னு ஆசுபத்திரியில கெடந்தானே, அதுதான். நேத்து பெரிய ஆசுபத்திரிக்கு மாத்துனாங்க. விடியால முடிஞ்சு போச்சு" என்றான்.

டீ குடிக்கிறாயா என்று நான் கேட்டேன். சரி என்றான். இரண்டு பேரும் குடித்தோம். அதில் சர்க்கரை குறைவாக இருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்புறம் என் கண் சுற்றுச்சுவரின் மேல் போனது. அங்கே சிவராசுவின் ஷூ காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று வரை அழுகை வரவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருக்கிறது.

அவனைத் தெரியாதவர்கள் இதைப் படிப்பீர்கள் என்றால் சொல்லிவிடுகிறேன். சிவராசு பக்கத்தில் எலப்புள்ளி ஊர்க்காரன். கஞ்சிக்கோட்டில் இரும்புக் கம்பி செய்கிற கம்பெனியில் உலையடியில் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி. அந்தக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மலைக்குப் போகும் மண்பாதையில் என் வீடுதான் கடைசி வீடு. அதனால்தான் அவன் என்னைத் தேடி வந்தான். மலைப்பாதையில் ஓடுகிற பந்தயங்களுக்குப் பழகிக்கொண்டிருந்தான். ஷூவை என் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். செருப்போடு வருவான், ஷூ மாட்டிக்கொண்டு மலையோரம் வரை ஓடிவிட்டு வருவான், என் குழாயில் கால் கழுவுவான், என் வீட்டுக்காரி கொடுக்கிற உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியைக் குடிப்பான், செருப்போடு போய்விடுவான்.

"செருப்போட போயி செருப்போட வந்தா ஊட்டுல ஒண்ணும் கேக்க மாட்டாங்க பெரீப்பா" என்று சிரிப்பான்.

அவன் மனைவி கோமதியிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். "காதுக்குப் பின்னால செவப்பு மண்ணை வெச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க மாமா. எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள்.

யானை இறங்கியிருக்கிற நாட்களில் மலையோரம் வனக்காவலர்கள் பட்டாசு போடும் சத்தம் கேட்கும். அன்றைக்கு ஓட விடமாட்டேன். ஷூவை மாட்டிக்கொண்டு என் சுவர்மேல் உட்கார்ந்திருப்பான். கயிற்றைக் கட்டுவான், அவிழ்ப்பான், மறுபடியும் கட்டுவான். "ஆனைக்கு லீவே இல்லீங்களா பெரீப்பா" என்று கேட்பான். அப்படி ஒருநாள்தான் ஏற்றத்தில் எப்படி ஓடுகிறாய் என்று கேட்டேன்.

"மேட்டுல ஆரு ஓடுறாங்க? மேடு வந்தா நடக்கோணும். அதுல வெக்கமில்லீங்க. நிக்கத்தான் கூடாது. நின்னா காலு ஊட்டை நெனச்சுக்கும்" என்றான்.

எழுத்து வகுப்புக்குப் போன புதிதில் எனக்கு அந்தப் பேச்சு உதவியது. கஷ்டமான எழுத்து வந்தால் மெதுவாகப் போவேன். நிற்க மாட்டேன்.

அவன் வீட்டுக் கதை வேறு. கோமதியின் தம்பி கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். சிவராசு ராத்திரி ஷிஃப்ட் முடித்து, மலையடிவாரத்தில் ஓடிவிட்டு, குளித்து, பொள்ளாச்சிப் பக்கம் அந்த மண்டபத்துக்கு வந்து சேர்ந்தான். வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிவிட்டான். குடும்பப் படம் எடுக்கும்போது எழுப்பி நிறுத்தினார்கள். "அண்ணா, கண்ணைத் தொறங்க" என்று போட்டோக்காரன் சொல்லிக்கொண்டே இருந்தான். படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள், இவன் கண் மூடியிருக்கிறது. மகள் தர்ஷினிக்குக் காது குத்தியபோது எடுத்த படமும் அப்படித்தான். அந்தப் பெண் தாய்மாமன் மடியில் கதறுகிறாள். பக்கத்தில் இவன் நிம்மதியாகத் தூங்குகிறான்.

அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் கோமதி சொல்வாள்: "இவியளுக்குக் கம்பெனிக்கு முழிப்பு, மலைக்கு முழிப்பு, சிநேகிதக்காரங்களுக்கு முழிப்பு. எங்களுக்கு மட்டும் தூக்கம்."

அவள் சொன்னது பொய்யில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீண்ட தூரம் ஓடுவதற்காக அவனுடைய ஷிஃப்டை அப்பாஸும் மற்றவர்களும் பார்த்துக்கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக ஓணத்துக்கும் பெருநாளுக்கும் அவர்களுடைய ஷிஃப்டை இவன் பார்த்தான். யாருக்கோ ஊருக்குப் போகவேண்டும் என்றால் பொங்கலன்றும் கம்பெனியில்தான் இருந்தான். யார் மேலும் குற்றம் சொல்வதற்கில்லை. எல்லாரும் அவனை விரும்பினார்கள், அவ்வளவுதான்.

"எல்லாத்துக்கும் கொஞ்சங் கொஞ்சம் குடுத்துட்டுத்தான் இருக்கேன் பெரீப்பா. ஆருக்கும் வயிறு நெறைய மாட்டேங்குது" என்று ஒருநாள் கால் கழுவிக்கொண்டே சொன்னான். தண்ணீர் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

மலைமேல் இருக்கிற காந்தலூரில் நடக்கும் பந்தயத்துக்காக ஒரு வருஷம் இப்படிப் பழகினான். பள்ளிக்கூடம் லீவு என்பதால் தர்ஷினி தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நானும் வந்தால் தானும் வருவதாகக் கோமதி சொன்னாள். ஒரு வேனில் எல்லாரும் போனோம். சின்னார் தாண்டி ஏறுகிற வளைவுகளில் தர்ஷினிக்கு வாந்தி நிற்கவில்லை. மறுநாள் பந்தயம் தொடங்கும்போதும் அந்தக் குழந்தையால் தலை தூக்க முடியவில்லை. பூண்டு விளைகிற படிப்படியான வயல்களுக்கு மேலே ஒரு வளைவில் நானும் கோமதியும் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்கள் அந்த வளைவைத் தாண்டி, ஒரு கடைசி மேடு ஏறி, ஊருக்குள் போய் முடிக்க வேண்டும்.

சிவராசு முன்னால் வந்த சிலரில் ஒருவனாக வந்தான். அவ்வளவு முன்னால் வருவான் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். நின்றான்.

"சரியாப் போச்சா கண்ணு?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். எழுந்து என்னிடம் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் இருந்த இடத்தில் அவன் உட்கார்ந்தான்.

"நிக்கக் கூடாதுன்னு நீதானடா சொன்னே" என்றேன்.

"ஒரு நிமிசமுங்க பெரீப்பா" என்றான். கோமதி மடியில் தலையை வைத்தான். அப்படியே தூங்கிவிட்டான்.

அவனை எழுப்பக் கோமதி கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையை அவன் தலைமேல் வைத்துக்கொண்டாள். ஆட்கள் வந்து வந்து எங்களைத் தாண்டி ஓடினார்கள். ரொம்ப நேரம் கழித்து அப்பாஸ் இறங்கி வந்தான். இந்தக் காட்சியைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டான். ஒரு வருஷமாக ஷிஃப்ட் மாற்றிக்கொடுத்தவன் அல்லவா.

"டேய், எந்திரிடா" என்று கிட்டே வந்தான்.

கோமதி வாயில் விரல் வைத்தாள். "தூங்கட்டும் அப்பாஸண்ணா" என்றாள்.

அப்பாஸ் பின்னால் சொல்லிச் சிரிப்பதற்காகப் போனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டு ஓடினான்.

சிவராசு கண் விழித்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. எத்தனை பேர் போனார்கள் என்று மகளைக் கேட்டான். "எல்லாரும் போயிட்டாங்கப்பா" என்றாள். அவன் சிரித்தான். நாங்கள் நான்கு பேரும் நடந்துதான் ஊருக்குள் போனோம். பந்தயம் முடிகிற இடத்தில் கட்டியிருந்த தோரணத்தை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் திரும்பிய பிறகு பேச்சுக்குக் குறைவில்லை. தூங்குவதற்காக மலையேறிய ஆள் என்று கம்பெனி முழுக்கச் சொன்னார்கள். கேன்டீனில் அவன் உட்கார்ந்தால் யாராவது ஒரு தலையணை கொண்டுவா என்பார்கள்.

வீட்டிலும் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. அவன் ஓடினான். கோமதி குறை சொன்னாள். ஒன்று மட்டும் கவனித்தேன். விசேஷங்களில் அவன் தூங்கினால் அவள் தட்டி எழுப்புவதை விட்டுவிட்டாள்.

இனி அவன் போன பிறகு நடந்தது. ஓடி ஓடித்தான் உடம்பைக் கெடுத்துக்கொண்டான் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசினார்கள். அப்படியில்லை, இந்தக் காய்ச்சல் யாருக்கும் வரும் என்று டாக்டர் சொன்னதாக அப்பாஸ் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். கோமதி இரண்டையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜங்ஷனில் கம்பெனித் தொழிலாளர்கள் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் கம்பெனி அடையாள அட்டையில் இருக்கிற படம். முன்பெல்லாம் ஃப்ளெக்ஸில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, யார், என்ன என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பேன். அன்று படத்தைப் பார்க்கவே இல்லை. சி, வ, ரா, சு என்று யாரையும் கேட்காமல் படித்தேன். படித்துவிட்டோம் என்று ஒரு சந்தோஷம் வந்தது. அப்புறம்தான் அது யார் பெயர் என்று தெரிந்தது.

ஓட்டக்கார நண்பர்களும் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து வைத்திருந்தார்கள். காந்தலூரில் பந்தயம் தொடங்கும்போது எடுத்த படம். நெஞ்சில் நம்பர், கண் இரண்டும் பளிச்சென்று திறந்திருக்கிறது. கோமதியைக் கேட்காமல் கட்டக்கூடாது என்று சுருட்டி எடுத்துக்கொண்டு அப்பாஸ் அவள் வீட்டுக்குப் போனான். துணைக்கு என்னைக் கூப்பிட்டான்.

வீட்டில் விளக்கு எரிந்தது. சுவரில் படம் இல்லை. கோமதியும் தர்ஷினியும் கல்யாண ஆல்பங்களையும் போனில் இருந்த படங்களையும் தரையில் பரப்பி வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் அவன் கண் மூடியிருந்தது.

அப்பாஸ் ஃப்ளெக்ஸைக் கொஞ்சம் விரித்துக் காட்டினான். "ஓடுற படம் வேண்டாமுங்க அப்பாஸண்ணா" என்றாள். அவன் சுருட்டிக்கொண்டான்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "கம்பெனிக்கு ஒரு போட்டோ இருக்குதுங்க மாமா. இவிய சிநேகிதக்காரங்களுக்கு இருக்குதுங்க. எனக்குன்னு ஒண்ணு இல்லீங்களே. கண்ணைத் தொறந்து எங்ககூட இருந்ததே இல்லீங்களா?"

பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். ஒரு ஆல்பத்தின் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாஸ் போனை எடுத்தான். தேடினான். கோமதி கையில் கொடுத்தான். காந்தலூர் வளைவில் அவன் பிடித்த படம். பின்னால் பூண்டு வயல்கள். கோமதி மடியில் சிவராசு தூங்குகிறான், வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. கோமதி ஒரு கையை அவன் தலையில் வைத்து, மறு கை விரலை வாயில் வைத்திருக்கிறாள். அந்தப் படத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை போல.

"எங்ககூட வர்றப்ப அவன் தூங்கவே மாட்டான் தங்கச்சி" என்றான் அப்பாஸ். "எந்தப் பந்தயத்துக்குப் போனாலும் வண்டியில முழிச்சுக்கிட்டே உக்காந்திருப்பான். ரூமு எடுத்தாலும் புரண்டுக்கிட்டே கெடப்பான். தூக்கம் வரலியாடான்னு கேட்டா, ஊட்டுல போய்த் தூங்கிக்கறேன்னு சொல்லுவான்."

கோமதி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைப் பெருசாப் போட்டுக் குடுங்கண்ணா" என்றாள்.

"கண்ணு மூடியிருக்குதே தங்கச்சி. சுவத்துல மாட்டுற படம்."

"தூங்கட்டும்" என்றாள்.

நாங்கள் எழுந்தபோது அவளே அந்தச் சுருட்டிய ஃப்ளெக்ஸைக் காட்டினாள். "அதையும் கட்டிருங்கண்ணா. வெளிய அவிய அப்படித்தான இருந்தாங்க" என்றாள்.

இப்போது ஜங்ஷனில் இரண்டு ஃப்ளெக்ஸ் இருக்கின்றன. வீட்டுச் சுவரில் அவன் மாலைக்கு அடியில் தூங்குகிறான். என்னிடம் இருப்பது அவனுடைய ஷூ. கடைசியாக ஓடிய நாளின் மண் அதில் அப்படியே இருக்கிறது. கழுவி வைக்கலாம் என்கிறாள் என் வீட்டுக்காரி. இரு என்கிறேன். மழை வந்தால் எடுத்து உள்ளே வைக்கிறேன், வெயில் வந்தால் சுவரில் வைக்கிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கொண்டுவந்து கொடுக்கட்டுமா என்று கோமதியைக் கேட்டேன். "அங்கயே இருக்கட்டுங்க மாமா. நான் வந்து பாத்துக்கறேன்" என்றாள். பிறகு கேட்டாள்: "உங்க ஊட்டுல உக்காந்து காலையில என்னுங்க பேசுவாங்க? அந்த நேரம் அவிய எப்படி இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

அதைத் தனியாக எழுதித் தருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். யானைக்கு லீவு கேட்டது, கஞ்சித்தண்ணியில் உப்புப் போதாது என்றது, எல்லாவற்றையும். அது பத்திரிகைக்கு இல்லை, அவளுக்கு. வரும் வாரம் உட்கார்ந்து தொடங்கிவிடுவேன். மெதுவாகத்தான் வரும். நிற்க மாட்டேன்.