சபா பார்க்காத ஆட்டம்

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ப்ரிட்ஜைத் திறந்து உள்ளே இருக்கும் பல்பைக் கழற்றி வைக்க வேண்டும். இஸ்ரேலுக்கு வந்த முதல் வாரம் எனக்குச் சொல்லித் தந்த முதல் வேலை அதுதான். கரண்ட் மிச்சம் பிடிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். விஷயம் வேறு. வெள்ளி மாலையிலிருந்து சனி மாலை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை ஷபாத். கடவுள் ஓய்வெடுத்த நாள் என்பதால் மனிதனும் எந்த விளக்கையும் ஏற்றக்கூடாது, அணைக்கவும் கூடாது. கதவைத் திறந்து பல்பு எரிந்தால் அதுவும் விளக்கேற்றியதாகத்தான் அர்த்தம். இதைத் திருத்தணிக்குப் போன் போட்டு என் தங்கை கோகிலாவிடம் சொன்னபோது, "இன்னாக்கா, ப்ரிட்ஜுக்குக்கூடவா லீவு உட்றாங்க?" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

நான் பார்த்துக்கொண்ட பெரியவருக்கு எண்பத்தாறு வயது. ‘சபா’ என்றால் அவர்கள் மொழியில் தாத்தா. எல்லோரும் அப்படிக் கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் அதற்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை. குண்டு விழுந்தால் பதுங்குவதற்கென்று இங்கே வீட்டுக்குள்ளேயே கனத்த சுவர் வைத்து ஓர் அறை கட்டியிருப்பார்கள். சைரன் ஊதினால் அவரைத் தூக்கிக்கொண்டு ஓட என்னால் ஆகுமா? அதனால் கட்டிலையே அந்த அறையில் போட்டுவிட்டார்கள். இரும்பு ஜன்னல். கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒரு டிவி. மற்ற நாளெல்லாம் செய்தி கேட்பார். ஷபாத்தில் அது கறுப்பாகவே இருக்கும்.

ஷபாத்தில் சபா என்னிடம் "போடு", "அணை" என்று கேட்க மாட்டார். வேற்று மதத்துக்காரியை ஏவிச் செய்துகொள்வதும் தப்பாம். ஆனால் நோயாளிக்கு ஒரு வழி விட்டிருந்தார்கள், நிலைமையை மட்டும் சொல்லலாம். "குளிராக இருக்கிறது" என்பார். நான் ஹீட்டரைப் போடுவேன். "கண் கூசுகிறது" என்பார், விளக்கை அணைப்பேன். இரண்டு வருஷத்தில் நான் இதில் பெரிய கெட்டிக்காரி ஆகிவிட்டேன். அவர் பெருமூச்சு விட்டாலே எந்த சுவிட்ச் என்று தெரிந்துவிடும். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என் தலையில் மண்ணை வாரிப் போட்டது.

நோவா அவருடைய பேத்தி. தாயை இழந்த குழந்தையைச் சபாதான் வளர்த்தார். ஜூடோவில் தேசிய அணிக்குப் போனவள். பத்தொன்பது வயதுவரை சனிக்கிழமைப் போட்டி எதற்கும் போனதில்லை. பிறகு போக ஆரம்பித்தாள். போகாவிட்டால் அணியில் இடமில்லை. வாலிபத்தில் சபாவும் கால்பந்தில் கோல்கீப்பராம். ஆட்டமெல்லாம் சனிக்கிழமைதான் என்று தெரிந்ததும் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர். அதனால் பேத்தி போன முதல் சனிக்கிழமையிலிருந்து அவளிடம் "சாப்பிட்டாயா", "தூங்கினாயா" தவிர வேறு எதுவும் பேச மாட்டார்.

உலகப் போட்டிக்கு அவள் கிளம்பியபோது கட்டிடமே கொடி கட்டியது. கீழ்வீட்டு அம்மா சபாவிடமே வந்து, "நம் தேசியகீதத்தை உலகம் எழுந்து நின்று கேட்கும். இதுவும் புண்ணியம்தானே?" என்று கேட்டாள். சபா அவளுக்கு ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார், "இந்த நாடு வருவதற்கு முன்னாலேயே சனிக்கிழமை இருந்தது." அந்த அம்மா பழத்தை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டாள். நோவா கிளம்பும்போது வாசலில் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "ஃபைனல் வந்தால் சனிக்கிழமை. தாத்தா பார்ப்பாரா?" எனக்குத் தெரியாது என்றேன்.

அவள் கேட்ட கேள்வி என்னைத் தூக்கித் திருத்தணியில் போட்டது. கோகிலா ஓட்டக்காரி. விடியற்காலையில் மலைப்படி முந்நூற்று அறுபத்தைந்தையும் ஓடியே ஏறி இறங்குவாள். படியில் கற்பூரம் ஏற்றுகிற பொம்பளைகள் திட்டத் திட்ட ஓடுவாள். சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்து பிழைத்ததற்காக ஏழு வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அவள் கையால் பூக்காவடி எடுப்பதாக நைனா வேண்டியிருந்தார். ஏழாவது வருஷம், அதே கிருத்திகை நாளில் சென்னையில் மாநில அணிக்கு ஆள் எடுத்தார்கள். நைனா ஒரே பிடியாக நின்றார். "முருகனுக்குச் சொன்ன வாக்கு. இத்தினி வருசம் ஏறிட்டு கடைசிப் படியில காவடிய எறக்குவியா?" அம்மா போனபிறகு வீட்டில் என் பேச்சு எடுபடும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நைனா இறங்கி வந்திருப்பார்.

முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேரும் காவடிக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தோம். "அக்கா, நாளிக்கு காலீல எட்டு மணிக்கு அங்க பேரு கூப்டுவாங்களாம்" என்றாள். "ஆங்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அஞ்சரைக்கு ஒரு வண்டி கீதாம்" என்றாள். நான் நாரைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த சரத்துக்குப் பூ எடுத்தேன். அவளும் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் எட்டு மணிக்கு அவள் காவடியோடு பாதி மலையில் இருந்தாள். அந்த ஒரு நாள் மட்டும் அவள் ஓடவில்லை, ஒவ்வொரு படியாக ஏறினாள். இப்போது கனகம்மாசத்திரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். இந்தியாவுக்கு மெடல் கிடைத்துத் தெருவே வெடி வெடித்தாலும் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்ப்பாள்.

நோவா ஃபைனலுக்கு வந்துவிட்டாள் என்பது வெள்ளி மாலைக்குள் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் சபாவுக்குச் சூப் ஊட்டி வாயைத் துடைத்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார், "இப்போது நோவா வெள்ளை உடையைப் போட்டுக்கொண்டிருப்பாள்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆமாம் சபா" என்றேன். அவர் மறுபடி, "மூன்று மணிக்கு என்று சொன்னார்கள்" என்றார்.

எட்டு மணி, அஞ்சரை வண்டி, எல்லாம் சேர்ந்து காதுக்குள் கேட்டது. இந்தத் தடவை விடமாட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது. குளிர் என்றால் ஹீட்டர், மூன்று மணி என்றால் டிவி. ரிமோட்டை எடுத்துப் போட்டுவிட்டு, அவருக்கு என் முன்னால் கூச்சமாக இருக்குமே என்று பாத்திரம் கழுவப் போய்விட்டேன். போகும்போது அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லையே, பாவி!

மேல்வீடு, கீழ்வீடு எல்லாம் கத்தியது. படிக்கட்டில் ஆட்கள் ஓடினார்கள். நோவா ஜெயித்துவிட்டாள் என்று ஈரக் கையோடு சிரித்துக்கொண்டு அறைக்குப் போனேன். டிவியில் கொடி ஏறிக்கொண்டிருந்தது, அவள் மார்பில் கை வைத்துப் பாடிக்கொண்டிருந்தாள். சபா ஒரு கையால் கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். கண் திறந்தே இருந்தது. கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்து தலையணை நனைந்திருந்தது. அது சந்தோஷக் கண்ணீர் இல்லை. அவரால் எழுந்து போக முடியாது, அணைக்க முடியாது, அணை என்று என்னிடம் கேட்கவும் முடியாது. அவரைக் கட்டிப்போட்டு அவருடைய கடவுளின் நாளை அவர் கண்ணெதிரிலேயே உடைத்துவிட்டு நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன். ஓடிப்போய் அணைத்தேன்.

மூன்று நட்சத்திரம் தெரிந்து ஷபாத் முடியும்வரை அவர் என்னிடம் பேசவில்லை. முடிந்ததும் கூப்பிட்டார். நான் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"உன்மேல் தப்பில்லை, செல்வி. ‘கண் கூசுகிறது’ என்று நான் சொல்லியிருந்தால் நீ வந்து அணைத்திருப்பாய். கோல்கீப்பராக இருந்த காலத்தில்கூட அப்படி ஒரு ஆட்டம் பார்த்ததில்லை. அதனால் நான் அதைச் சொல்லவில்லை."

அவர் என் கையைப் பிடித்தார். "நோவா கேட்டால், தாத்தா பார்க்கவில்லை என்று சொல். பார்த்தார் என்று தெரிந்தால், செய்தது சரி என்று நினைத்துவிடுவாள். நான் போன பிறகும் அப்படியே சொல்." சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நோவாவை விமான நிலையத்தில் தோளில் தூக்கினார்கள், எங்கள் மகள் என்று டிவியில் சொன்னார்கள். அவள் நேராக வந்து மெடலைச் சபாவின் மேசையில் வைத்தாள். சபா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "சாப்பிட்டாயா?" என்றார். அவள் சாப்பிட்டேன் என்றாள்.

ஐந்து வாரத்தில் சபா போய்விட்டார். ஏழு நாள் துக்கத்துக்குக் கண்ணாடியையெல்லாம் துணியால் மூடி, தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது நாள் நோவா சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். "செல்வி, அன்றைக்கு ஒரு நிமிஷமாவது பார்த்தாரா?"

"இல்லை" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் காய்ந்த டம்ளர் ஒன்றை எடுத்து மறுபடியும் கழுவினாள். அதற்குப் பிறகு அவள் பயிற்சிக்கே போகவில்லை என்று கீழ்வீட்டு அம்மா சொல்கிறாள். ஒரு போன் போட்டு ஒரே ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் அவள் நாளைக்கே போவாள். நம்பர் என்னிடம் இருக்கிறது. செத்தவருக்குக் கொடுத்த வாக்கும் இருக்கிறது. ஒருத்திக்காக வாயைத் திறக்காமல் கெடுத்தேன், இன்னொருத்தியிடம் வாயைத் திறந்து கெடுத்தேன். எனக்கென்றே வாய்க்கிறது பார்!

இப்போது இங்கேயே நான் வேலை பார்க்கும் வேறொரு வீட்டில் சனிக்கிழமை முழுக்க டிவி ஓடும், யாருக்கும் ஷபாத் கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது என் கை தானாகப் போய்ப் ப்ரிட்ஜ் பல்பைக் கழற்றிவிடுகிறது. வீட்டம்மா, "நீ என்ன யூதச்சியா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள். கிருத்திகைக்கு நான் சாப்பிடாமல் இருந்தால், "இது எந்த ஊர் விரதம்?" என்கிறாள். இன்றும் கழற்றிவிட்டேன். பல்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதால் நோவா படிக்கமாட்டாள். சபாவுக்குக் கொடுத்த வாக்கு கெடாது. ஆனால் கோகிலா படிப்பாள். கோகி, அன்றைக்கு எனக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. நீ ஊரைவிட்டுப் போய்விடுவாய், நான் மட்டும் நைனாவோடு அந்த வீட்டில் கிடப்பேன் என்ற பொறாமை. நீ அஞ்சரை வண்டி என்று சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டதுடி.