ஊத்துனா நிக்கும்

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், என் வீட்டுக் கொல்லையில் நாங்கள் குடும்பமாகச் சேர்ந்து ஒரு குளம் வெட்டினோம். வெட்டியவர்களில் ஒருவருக்கும் குளம் வெட்டத் தெரியாது. நாங்கள் கடற்கரைக்காரர்கள். எங்களுக்குத் தெரிந்த தண்ணீருக்கு எதிர்க்கரை கிடையாது.

நான் பிறந்தது கடலூரை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்தில். பரம்பரையாகக் கட்டுமரம் ஏறிய குடும்பம். நான் மட்டும் கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுப்பேன். "இவன் மீனப் புடிக்கப் போவல, மீனுக்குத் தீனி போட்டுட்டு வர்றான்" என்று குப்பமே சிரித்தது. அதனால் பள்ளிக்கூடம் போனேன். பள்ளிக்கூடம் போனதால் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. விலங்கியல் பரிசோதனைக் கூடத்தில் உதவியாள். கண்ணாடிப் புட்டிகளுக்குள் மருந்துத் தண்ணீரில் மிதக்கும் மீன்களைத் துடைத்து, வரிசை கலையாமல் அடுக்கி வைக்க வேண்டும். சுற்றிச் சுற்றி நானும் மீன் தொழிலுக்கே வந்து சேர்ந்தேன். என் மீன்கள் வலையை அறுத்துக்கொண்டு ஓடாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலையோடு ஒரு வீடும் கொடுத்தார்கள். இரண்டு அறை, சமையல்கட்டு, பின்னால் பெரிய கொல்லை. நாங்கள் மூன்று பேர் குடியேறினோம். என் மகள் நடக்கப் பழகுவதற்கு முன்பே அவள் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. ஆகவே சொல்லாமல் விடுகிறேன். குழந்தையை என் அக்கா கடலூருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். "கொஞ்சம் பெருசாவட்டும்டா, அப்பறம் கொண்டாந்து உடறேன்" என்றாள். குழந்தை பெரிதாகிக்கொண்டுதான் இருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து பூட்டைத் திறப்பேன். உள்ளே போனதும் "யாரு?" என்று நானே கேட்பேன். "நான்தான்" என்று நானே பதில் சொல்வேன். சோறு வடித்தால் கை பழக்கத்தில் மூன்று பேருக்கு வடித்துவிடும். மிச்சம் காக்காய்க்கு. ஊரே அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் தெருக் காக்காய்கள் மட்டும் பறக்க முடியாமல் நடந்து போயின.

லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் பாசஞ்சர் ரயில் பிடித்துக் கடலூர் போவேன். முகமெல்லாம் கரித்தூளோடு இறங்கும் என்னைப் பார்த்து மகள் அக்காவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வாள். முகம் கழுவிய பிறகுதான் நான் அப்பா. ஒரு தடவை அவள் அலைக்கு முன்னால் ஓடுவதும் பின்னால் ஓடுவதுமாக இருந்தபோது கேட்டேன்:

"அப்பா கூட வந்துடறியா?"

"அங்க தண்ணி இருக்குதா?"

"ஓ, இருக்குதே. கொழாயில வரும்."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். புட்டி மீன்களை நான் பார்க்கிற அதே பார்வை.

வாய் சும்மா இருக்குமா? "நம்ம கொல்லையில ஒரு கொளமே வெட்டிட்டா?" என்றேன்.

அவள் யோசித்தாள். காலை நனைத்துப் போன அலை திரும்பி வரும்வரை யோசித்தாள். "தண்ணி வந்தா வர்றேன்."

வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அக்காவின் கை நின்றது. "கொழந்தகிட்ட வாயக் குடுக்காதடா. அது மறக்காது." பிறகு தலை நிமிராமலே சொன்னாள்: "வர்ற ஆனியில பள்ளிக்கொடத்துல போடணும். எந்த ஊர்ல போடறமோ அந்த ஊருப் புள்ளதான் அது, சொல்லிட்டேன்."

அது மிரட்டல் இல்லை. எனக்கு விட்ட கெடு. அக்காவின் புருஷன், என் மாமா, வலையில் முடிச்சுப் போட்டபடி சிரித்தார். "சிதம்பரத்துல கோயிலுக்குள்ளயே அம்மாம் பெரிய கொளம் இருக்குது. அது பத்தலியா மச்சான் ஒனக்கு?"

சிரித்த மாமாதான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் அக்காவையும் குழந்தையையும் ஒரு மண்வெட்டியையும் இறக்கினார். கூடவே ஒரு கூடை கருவாடு. கருவாட்டைத் திறந்ததும் எங்கள் வரிசை வீடுகளின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. ரொம்ப நாளைக்குப் பிறகு என் வீட்டில் ஆள் இருப்பது தெருவுக்குத் தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மாமாவின் கணக்கு நேரானது. எங்கள் குப்பத்தில் பெண்கள் பனைமரத்தடி மணலைக் கையால் பறிப்பார்கள். முழங்கால் ஆழம் போனால் அடியிலிருந்து நல்ல தண்ணீர் சுரந்து வரும். அதற்கு ஊத்து என்று பெயர். மணல் நம் ஆள், கேட்டால் கொடுக்கும். ஆகவே மாமா குச்சியால் ஒரு பெரிய வட்டம் போட்டார். "முட்டி ஆழந்தான். மத்தியானச் சோத்துக்கு முன்ன தண்ணி வந்துடும். சோறு துன்னுட்டுக் கொளத்துல கை கழுவறோம்."

சிதம்பரத்து மண்ணிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. அது சுத்தக் களிமண். மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் பிடித்துக்கொண்டு திருப்பித் தர மறுத்தது. நான் இழுத்தேன். அது வரவில்லை. நான் வந்தேன், மல்லாக்க. மகள் கை தட்டிச் சிரித்து, "இன்னொரு வாட்டி உழு" என்றாள். விழுந்தேன். அந்த வருஷம் நான் மெனக்கெட்டு விழுந்ததெல்லாம் அந்தச் சிரிப்புக்காக. முதல் தடவை மட்டும் நிஜம்.

முட்டி ஆழம் போனோம். தண்ணீர் இல்லை. கையைக் குழாயில் கழுவிக்கொண்டோம்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது குமராட்சிப் பக்கத்துக் குடும்பம். வீட்டுக்காரர் அலுவலகத்தில் குமாஸ்தா. அந்த அம்மா நெல் வயலுக்கு நடுவில் வளர்ந்தவர். துணி காயப்போட வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"என்னா சார் வெட்டறீங்க?"

"கொளம்ங்க."

"தண்ணிக்கு?"

"அதுக்குத்தாங்க வெட்டறோம்."

அவர் மண்ணைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "இந்த மண்ணுல ஊத்துனா நிக்கும் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குழிக்குள்ளிருந்து மாமா நிமிர்ந்தார். "கேட்டியா மச்சான்! ஊத்துன்னா நிக்குமாம். வெவசாயக் குடும்பம், தெரியாமலா சொல்லுவாங்க? ஊத்தக் கண்டுபுடிச்சிட்டா போதும், தண்ணி வத்தவே வத்தாது. தோண்டு."

தோண்டினோம். மாமா கடலுக்குப் போகாத நாளும் என் லீவும் சேர்ந்து வந்த நாளிலெல்லாம் தோண்டினோம். இடுப்பு ஆழம் போனோம். ஊத்து இல்லை. மாமாவின் மார் ஆழம் போனோம். அப்போதும் இல்லை. ஏணி வைத்து இறங்கவேண்டியதாயிற்று. அக்கா கூடையில் மண்ணை இழுத்துக் கொட்டினாள். மகள் கொட்டாங்கச்சியில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டி, அதில் பாதியைத் திரும்பக் குழிக்குள்ளேயே போட்டாள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். கக்கூஸுக்கா, கிணறா, புதையலா? எல்லாவற்றுக்கும் நான் "ஆமாங்க" என்றேன்.

பக்கத்து வீட்டு அம்மா இன்னொரு நாளும் வந்து பார்த்தார். முகத்தில் திகில். "ஊத்துனா நிக்கும்னு அன்னிக்கே சொன்னேனே சார்?"

"அதாம்மா, ஊத்தத்தான் தேடிக்கிட்டு இருக்கறோம்" என்றார் குழியின் அடியிலிருந்து மாமா.

அந்த அம்மா காயாத துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எங்கள் உழைப்பின் மேல் உள்ள மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் வரவில்லை என்று எல்லோரிடமும் அலுத்துக்கொண்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அவசரமே இல்லை. தண்ணீர் வராத ஒவ்வொரு தடவையும் அவர்கள் மறுபடி வந்தார்கள். அக்கா என் அடுப்பில் குழம்பு வைத்தாள். "எப்பிடிடா இந்த ஊட்ல இருக்கற, பேச்சுச் சத்தமே இல்லாம?" என்று ஒருநாள் கேட்டாள். "ஏன், பல்லி பேசுமே. என்னவிட ஜாஸ்தி பேசும்" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டி சோறு போட்டாள். நான்கு தட்டு வைத்துச் சாப்பிட்ட நாட்களில் காக்காய்கள் பட்டினி.

ஐப்பசி பிறந்தது. கடல் கொந்தளிக்க ஆரம்பித்ததும் மாமா கட்டுமரத்தை மேட்டில் ஏற்றிக் கட்டவும், கூரைக்குக் கயிறு போடவும் குப்பத்திலேயே நின்றுவிட்டார். யாரும் வரவில்லை. மழை மட்டும் வந்தது. நான் வீட்டுக்குள் உட்கார்ந்து, எங்கே ஒழுகுகிறதோ அங்கே பாத்திரம் வைத்தேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு சத்தம். குண்டானின் குரல் என் மாமனார் குரல் மாதிரியே இருந்தது. கொஞ்ச நேரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

மழை விட்ட ஒரு காலையில் கொல்லைக் கதவைத் திறந்தேன். குழியைக் காணோம். கரை நாலாபக்கமும் சரிந்து, நாங்கள் தோண்டியதில் பாதியை மூடி, கிணறு மாதிரி இருந்ததைக் குளம் மாதிரி ஆக்கியிருந்தது. அதில் விளிம்புவரை தண்ணீர். டீ நிறத்தில், அசையாமல். ஒரு தவளை எனக்கு முன்பே குடி வந்திருந்தது.

யாரிடம் சொல்வது? வேலிக்கு ஓடினேன். "அம்மா! தண்ணி வந்துடுச்சிம்மா! இறங்காம நிக்குது!"

அவர் பல்பொடிக் கையோடு வந்து பார்த்தார். "நிக்காம? களிமண்ணு சார், ஒரு சொட்டு கீழ எறங்காது. முட்டி ஆழம் வெட்டி நாலு கொடம் ஊத்தியிருந்தாலே நின்னுருக்கும். ஊத்துனா நிக்கும், ஊத்துனா நிக்கும்னு தொண்ட கிழியச் சொன்னேன். நீங்க பாதாளத்துக்குப் போறீங்க!"

ஊத்துனா. ஊத்துன்னா இல்லை. மேலே இருந்து ஊற்றினால் நிற்கும் என்று அந்த அம்மா சொன்னதை, அடியில் ஊத்து என்று ஒன்று இருந்தால் நிற்கும் என்று நாங்கள் கேட்டிருக்கிறோம். மணல்காரர்களின் காது. ஒரு 'ன்' கூடிப்போனதற்கு மார் ஆழம்.

நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த அம்மா சங்கடத்தோடு உள்ளே போன பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு சிரிப்பு தானாக நின்றது. கூடச் சிரிக்க மாமா இல்லை. அன்றைக்கு வேலைக்குப் போய்ப் புட்டிகளைத் துடைக்கும்போது மீன்களிடம் அந்தக் கதையைச் சொன்னேன். ஏற்கெனவே எல்லாம் வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தன.

தண்ணீர் வந்துவிட்டது என்று கடலூருக்குக் கடுதாசி போட்டேன். தை பிறந்ததும் அக்கா சொன்ன சொல் தவறாமல் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கூட மாமாவும், ஒரு தகரப் பெட்டியும். பெட்டியில் குழந்தையின் துணிமணி எல்லாம் இருந்தது. நான் அவர்கள் வருவதற்குள் குளத்தைச் சுற்றி மூங்கில் பிளாச்சில் வேலி கட்டி, ஒரு பக்கம் படி வெட்டி, பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த அல்லிக் கிழங்கை நட்டு வைத்திருந்தேன். அறையில் சின்னப் பாய் ஒன்று புதிதாக விரித்திருந்தது. அதை யாரும் பார்க்கக்கூடாது என்பது போலக் கதவைப் பாதி சாத்தியிருந்தேன்.

மாமா கரையில் நின்றார். ஊத்துக் கதையை நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "தண்ணிய மேலேர்ந்து ஊத்தி வெச்சா அது அண்டா, மச்சான். கீழேர்ந்து வந்தாத்தான் கொளம்." இதில் மட்டும் அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

மகளுக்கு அண்டாவா குளமா என்ற கவலை இல்லை. படியில் உட்கார்ந்து காலை விட்டாள். தென்னம்பாளையைக் கட்டுமரமாக விட்டாள். தவளைக்கு என் பெயரை வைத்தாள். "இது அலயே அடிக்க மாட்டுதே" என்று ஒருமுறை சொன்னாள். உடனே நான் படியில் உட்கார்ந்து கையால் அலை அடித்தேன். பகலெல்லாம் அடித்தேன்.

பொழுது சாய்ந்ததும் ரயிலடிக்குப் போகக் குதிரைவண்டி வந்தது. அக்கா அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள். ஏறியவள் உட்காருவதற்குள் மகள் தானும் சக்கரத்தைப் பிடித்து ஏறி, "தள்ளி ஒக்காரும்மா" என்றாள்.

"அத்தன்னு சொல்லுடி" என்றாள் அக்கா, சத்தமே வராமல்.

"நீ வர்றேன்னு சொன்னியே" என்றேன் நான்.

"வந்தேன் இல்ல?" என்றாள் மகள். அவள் பக்கம் நியாயம் இருந்தது. தண்ணீர் வந்தது, வந்தாள். இருக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாமா குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னையே பார்த்தாள். இறக்கிவிடு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் இறக்கியிருப்பாள். குழந்தை அழுதுகொண்டு அந்தச் சின்னப் பாயில் படுத்திருக்கும்.

"வண்டியில எடம் இருக்குதா? நானும் கடலூர் வந்துடறேன், கட்டுமரத்துல வாந்தி எடுக்க ஆளு வேணாமா?" என்றேன். மாமா சிரித்தார். வண்டிக்காரர் சிரித்தார். தகரப் பெட்டியை நானே உள்ளேயிருந்து தூக்கி வந்து அவள் காலடியில் வைத்தேன்.

"தண்ணி வத்திடுமா?" என்று கேட்டாள்.

"வெயில் வந்தா கொறையும். ஊத்துனா நிக்கும்."

"அப்ப ஊத்து. வர்றேம்ப்பா."

போகிறவர்களும் வருகிறேன் என்று சொல்லுகிற பாஷை நம்முடையது. அன்றைக்கு அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆனியில் அவளைக் கடலூரில்தான் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். அந்தக் கோடை முழுக்கச் சாயங்காலம் வேலைவிட்டு வந்ததும், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குழாயடியிலிருந்து குடம் குடமாகக் கொண்டுபோய் ஊற்றினேன். அல்லி இலைவிட்டது, பூக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் நின்று பார்ப்பார்.

"யாருக்கு சார் இம்மாம் தண்ணி?"

"தவளைக்குங்க. என் பேருதான் அதுக்கு" என்பேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போவார். நான் அடுத்த குடத்துக்குப் போவேன்.