துண்டுக்குள் பேசிய விலை

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் விலை பேசுவது என் அண்ணன்தான். என் கல்யாணப் புடவை, இப்போது குடியிருக்கும் வீட்டு மனை, போர்வெல் மோட்டார், எல்லாமே அவர் பேசி முடித்தவை. அண்ணன் மாட்டுத் தரகர். கெலமங்கலம் சுற்றுவட்டாரச் சந்தைகளில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. விலை கேட்பது தெலுங்கில், குறை சொல்வது கன்னடத்தில், சத்தியம் செய்வது மட்டும் தமிழில். எங்கள் பக்கத்தில் இந்த மூன்றும் இல்லாமல் ஒரு கன்றுக்குட்டிகூடக் கை மாறாது.

சந்தையில் மாட்டு விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விற்பவர் கைமேல் போர்த்துவார். துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேரம் நடக்கும். ஒரு விரல் என்றால் ஓராயிரம், இரண்டு விரல் என்றால் இரண்டாயிரம். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் பேசிய விலை அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"இல்லாதவன் நாலு பேர் முன்னாடி கம்மியா கேட்டா மானம் போவும் பாப்பா. துண்டுக்குள்ள கேட்டா யாருக்கும் போவாது" என்பார் அண்ணன்.

அப்படிப்பட்ட அண்ணன் எங்கள் வீட்டில் கை நனைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் ஒரு கறவை மாடு. அண்ணன் பேசி எங்களுக்கு வாங்கித் தந்தது. சொன்ன பாலில் பாதிகூடக் கறக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவர். அன்று ஷிஃப்ட் முடிந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, களைப்பும் கோபமுமாக இருந்தார். அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சொந்தத் தங்கச்சி ஊட்லயே கமிஷன் பாத்துட்டீங்களா மச்சான்?" என்று கேட்டுவிட்டார்.

களி உருண்டையில் பாதி தட்டில் இருந்தது. அண்ணன் தட்டிலேயே தண்ணீர் ஊற்றிக் கை கழுவிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் வந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு, நாங்கள் கொடுத்த பணம் முழுவதையும் என் கையில் வைத்தார். அதன் பிறகு பொங்கலுக்கு வருவார், சீர்ப் பையை வாசல் கேட்டிலேயே நீட்டுவார், "நல்லா கீறயா பாப்பா" என்பார், போய்விடுவார். உள்ளே வா என்றால், "பஸ்ஸு வந்துரும்" என்பார். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு எந்த பஸ்ஸும் கிடையாது.

என் வீட்டுக்காரருக்கும் மனசு உறுத்தியது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு மன்னிப்புக் கேட்க வராது. மிஷினில் தப்பு வந்தால் நிறுத்திச் சரி செய்யத் தெரியும். வாயில் வந்த தப்பை என்ன செய்வது என்று தெரியாது. நானும் பத்தாவதோடு நின்றவள், எனக்கும் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. தினமும் விளக்கேற்றும்போது சாமியிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் என் வீட்டுக்காரருக்கு இடுப்பு எலும்பில் தேய்மானம் வந்தது. டாக்டர் பைக் ஓட்டவே கூடாது என்றார். சேர்த்து வைத்ததைக் கொண்டு சின்னதாக ஒரு புதுக் கார் வாங்கலாம் என்று முடிவு செய்தோம். ஓசூர் பெரிய ரோட்டில் ஒரு ஷோரூமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அவர் முகத்தில் நிம்மதி.

"அங்க எல்லாம் ஒரே விலை. வாசல்லயே போர்டு போட்டிருக்கான். கேக்கவும் வேணாம், கெஞ்சவும் வேணாம். யாரும் யாரையும் ஏமாத்த முடியாது."

"அண்ணன் இல்லாம நாம எதையும் வாங்கினதில்லயே" என்றேன்.

"ஒரே விலைன்னு எழுதி வெச்சிருக்கான். உங்க அண்ணன் வந்து என்ன பண்ணப் போறாரு?"

தட்டில் குழம்பு ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "சரி, வரட்டும். ஆனா பேரம் பேசக் கூடாது. சொல்லி வெச்சுடு."

அண்ணனுக்கு போன் செய்தேன். வரச் சொன்னேன். பேசக் கூடாது என்ற பாதியைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மேளக்காரரைக் கூப்பிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்வது மாதிரி அது.

"நான் எதுக்கு பாப்பா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "இன்னா வண்டி, எத்தினி பேர் உக்காரலாம்?" என்றார். வருவார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அன்றே ஒரு வேண்டுதல் வைத்தேன். ஓசூர் மலைமேல் இருக்கும் ஈஸ்வரனை நினைத்து, "அண்ணன் மறுபடி என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் உன் படி ஒவ்வொன்றிலும் சூடம் ஏற்றுகிறேன்" என்றேன். மறுநாள் முழங்கால் வலித்தது. "ஒரு படி விட்டு ஒரு படி ஏற்றினால் போதுமா அப்பனே" என்றேன். கோயில் வாசலில் பூ வாங்கும்போதுகூட நான் பேரம் பேசமாட்டேன். சாமிக்கு வாங்குவதில் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சாமியிடமே பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது தோன்றவில்லை.

அதோடு விட்டேனா? வீட்டுக்காரரின் போனிலிருந்து நம்பர் எடுத்து, ஷோரூமில் அவரைக் கவனித்த பெண்ணுக்கும் போன் செய்தேன்.

"ஏம்மா, விலையில ஒரு அஞ்சாயிரம் ஏத்திச் சொல்லேன். எங்கண்ணன் பேசுவாரு. அப்புறமா கொறச்சுடு. அவரு சந்தோசப்படுவாரு."

அந்தப் பெண் சிரித்தாள். "அக்கா, அது கம்ப்யூட்டர்ல இருந்து வர்ற விலை. ஒரு ரூபா ஏத்தவும் முடியாது, எறக்கவும் முடியாது. ஏத்துறதுக்கு கெஞ்சுன மொத ஆளு நீங்கதான்."

போனை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஷோரூமுக்கு அண்ணன் எங்களுக்கு முன்பே வந்து வெளியே நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, சட்டை, தோளில் சந்தைக்குப் போடும் அந்தப் பச்சைத் துண்டு. என் வீட்டுக்காரர், "வாங்க மச்சான்" என்றார். அண்ணன், "வரன் மாப்ள" என்றார். இரண்டு வருஷத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது. இரண்டு பேரும் பேசியது கண்ணாடிக் கதவைப் பார்த்து.

உள்ளே பனிக்காலம் மாதிரி ஏசி. அண்ணன் காரை மூன்று முறை சுற்றி வந்தார். குனிந்து டயரைப் பார்த்தார். கதவைத் திறந்து மூடிச் சத்தம் கேட்டார். பின்பக்கத்தைக் கையால் தட்டினார். வாயைத் திறந்து பல் பார்க்காததுதான் பாக்கி.

"இதுக்கு இன்னா வயசும்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"புது வண்டி ஐயா. போன மாசம்தான் ஃபேக்டரில இருந்து வந்துச்சு."

"அப்போ கன்னுக்குட்டி. நீ எந்த ஊரு தாயி?"

"தேன்கனிக்கோட்டை பக்கம் ஐயா."

"ராகி போட்டிருக்கீங்களா? யானை உட்டு வெச்சுதா?"

"பாதிய தின்னுட்டுப் போயிருச்சு ஐயா."

"அது விலை கேக்காம எடுத்துக்குது. நாம கேட்டுத்தான் எடுக்கணும்" என்றார் அண்ணன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எங்களை உட்கார வைத்து, விலை அச்சடித்த தாளை நீட்டினாள்.

அண்ணன் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "சரி. கடைசி விலை சொல்லு."

"இதான் ஐயா கடைசி. மொத விலையும் இதான்."

"மொத விலையும் கடைசி விலையும் ஒண்ணுன்னா நடுவுல நாம எதுக்கு உக்காந்திருக்கம்?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சொன்னாயா இல்லையா என்ற பார்வை. நான் கூரையைப் பார்த்தேன்.

அண்ணன் பெண்ணைத் தப்பாக நினைக்கவில்லை. அவருக்குப் புரிந்தது இதுதான்: நாலு பேர் இருக்கிற இடம், சின்னப் பெண், மேனேஜர் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார், வாயால் எப்படிக் குறைப்பாள்? அதற்கு அவரிடம் வழி இருந்தது. தோளிலிருந்து துண்டை எடுத்தார். மேஜைமேல் நீட்டிய தன் வலது கையின்மேல் விரித்துப் போட்டார். "குடு" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஐயா?" என்றாள்.

அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. எதிரில் இருப்பது சந்தை வியாபாரி இல்லை, வயதுப் பெண். ஆயுசுக்கும் அவர் துண்டுக்குள் ஒரு பெண்ணின் கையைப் பிடித்தவர் இல்லை. பக்கத்து மேஜையில் இருந்த பையன்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவன், "ஏய், மேஜிக் பண்றாருடா" என்றான். அண்ணனின் கை துண்டுக்குள் அப்படியே நின்றுபோயிற்று. இழுத்துக்கொள்ளவும் இல்லை, நீட்டவும் இல்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. களித் தட்டில் தண்ணீர் ஊற்றிய அன்றும் அப்படித்தான் புடைத்தது.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இனி வாசல் கேட்டுக்குக்கூட வரமாட்டார். கூட்டிக்கொண்டு வந்தது நான். பாதியைச் சொல்லாமல் மறைத்ததும் நான். கண்ணை மூடி, "ஈஸ்வரா" என்றேன்.

கண்ணைத் திறந்தபோது என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டு அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவருடைய கை துண்டுக்குள் இருந்தது.

"அந்தப் பொண்ணுக்குப் பதிலா நான் பேசறன் மச்சான்" என்றார்.

பையன்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அந்தப் பெண் பேனாவைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு கொஞ்சம் அசைந்தது. பிறகு அசையவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, இரண்டு பேருமே துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டுச் சந்தையில் இத்தனை நேரம் ஆனால் அது ஜோடிக் காளையாக இருக்க வேண்டும்.

கடைசியில் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "எழுதிக்க தாயி. வண்டி நல்லா கீது" என்றார். தாளில் இருந்த விலையில் ஒரு ரூபாய் குறையவில்லை. அட்வான்ஸ் கட்டினோம். அண்ணன் அங்கிருந்தே பஸ் ஏறிப் போய்விட்டார். வீட்டுக்கு வரச் சொன்னேன். "சோலி கீது பாப்பா" என்றார். சோலியா, பழைய பஸ்ஸு சாக்கா என்று தெரியாமல் பத்து நாள் தவித்தேன்.

"துண்டுக்குள்ள என்னங்க பேசினீங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"விலைதான்" என்றார்.

"உங்களுக்கு அந்த விரல் கணக்கே தெரியாதே?"

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

கார் எடுக்கும் நாள் வந்தது. நான் போன் செய்யலாம் என்று எடுத்தபோது, "நான் நேத்தே சொல்லிட்டன், மச்சான் வந்துடுவாரு" என்றார் வீட்டுக்காரர். வந்தார். பச்சைத் துண்டு, கையில் நான்கு எலுமிச்சம்பழம், ஒரு தேங்காய். பழத்தைப் பேரம் பேசாமல் வாங்கினாராம்.

அந்தப் பெண் சாவியைக் கொடுத்தாள். சக்கரத்துக்கு ஒன்றாகப் பழம் வைத்து, நசுக்கி, நேராக மலைக்கோயிலுக்கு விட்டோம். என் வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி, படி ஏறக் கூடாது. இரண்டு பேரையும் காரிலேயே மேலே போகச் சொல்லிவிட்டு நான் அடிவாரத்தில் இறங்கிக்கொண்டேன். கையில் சூட டப்பா. காற்று அடித்தது. சில படிகளில் மூன்று முறை ஏற்ற வேண்டியிருந்தது. அண்ணன் இன்னும் என் வீட்டில் சாப்பிடவில்லை, வேண்டுதல் இன்னும் பலிக்கவில்லை. இருந்தாலும் ஏற்றினேன். ஒரு படியையும் விடவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது கார் மரத்தடியில் நின்றது. கதவுகள் நான்கும் திறந்திருந்தன. முன் சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அண்ணன் சொன்னார்:

"மாப்ளைக்குப் பேரம் பேசத் தெரியல பாப்பா. ஒவ்வொரு விரலா புடிக்கணும். இவரு மொத்தக் கையையும் புடிச்சுக்கிட்டாரு. நான் உருவறன், உட மாட்டேங்கறாரு. சந்தையா இருந்தா ஏமாந்து போயிருப்பாரு."

என் வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். புது ஸ்டீயரிங், அதில் தூசியே இல்லை. நான் இரண்டு பேர் நெற்றியிலும் விபூதி வைத்தேன்.

வீட்டுக்கு வந்தோம். அண்ணன் கேட்டில் நின்று பஸ் என்று சொல்ல முடியாது, காரிலேயே உள்ளே வந்துவிட்டார். களி கிண்டி, கீரைக் கடைசல் வைத்தேன். பந்தியில் ஒருநாளும் கரண்டி தொடாத என் வீட்டுக்காரர் சட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் போய்க் குனிந்தார். டாக்டர் குனியக் கூடாது என்று சொன்ன இடுப்பு அது.

"போதும் மாப்ள" என்றார் அண்ணன்.

இவர் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

"போதும்னா உடணும் மாப்ள. பாதி ஊத்து, பாதி."

"இங்க எல்லாம் ஒரே விலை மச்சான். கொறைக்க முடியாது" என்று சொல்லி இவர் மூன்றாவது கரண்டியையும் ஊற்றினார்.